பி.ஜி. வகுப்பு: செமினாரா, ஆன்லைன் பாடமா, ஃப்ளிப்டு வகுப்பா?

வியாழக்கிழமை பிற்பகல் 2 மணி. குழந்தைகள் நலத் துறையின் செமினார் அறை. இறுதியாண்டு பி.ஜி., அதாவது மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒருவர் டி.கே.ஏ. பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகிப்போகும் அவசர நிலை அது. திரையில் 64-ஆவது ஸ்லைடு. முந்தின நாள் அட்மிஷன் டியூட்டி முடித்து, காலை ரவுண்ட்ஸும் பார்த்துவிட்டு வந்த முதலாண்டு பி.ஜி.க்கள் இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரமே சனிக்கிழமை இரவு டி.கே.ஏ.வோடு ஒரு குழந்தை வந்தது. டியூட்டியில் இருந்தவர் அந்த இருவரில் ஒருவர். போன் செய்தார். "சார், இன்சுலின் இப்பவே ஆரம்பிக்கட்டுமா, இல்ல ஃப்ளூயிட் கொஞ்சம் ஓடட்டுமா?" கேட்டது மிகச் சரி. சந்தேகம் வந்தால் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஃப்ளூயிட், அதாவது நரம்பில் ஏற்றும் திரவம், தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகுதான் இன்சுலின் என்பது வியாழக்கிழமை ஸ்லைடில் தடித்த எழுத்தில் இருந்தது. வகுப்பு நடந்தது, அவரும் அறையில் இருந்தார், விஷயம் மட்டும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

துறையில் பி.ஜி. வகுப்புகளுக்கு அப்போது நான்தான் பொறுப்பு. செமினாரை அப்படியே தொடர்வதா, பாடங்களை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டு வகுப்பு நேரத்தைத் தூக்கிவிடுவதா, பாடத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வகுப்பில் கேஸ்களை மட்டும் பேசுவதா என்று மூன்று வழிகள் முன்னால் இருந்தன. மூன்றையும் அரையும் குறையுமாகவாவது செய்து பார்த்திருக்கிறோம். உங்கள் துறையிலும் இந்தக் கேள்வி வந்திருந்தால், நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பது உதவலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளி, கல்லூரி வகுப்புகளை ஒப்பிடுவதுபோல் இதை ஒப்பிட முடியாது. பி.ஜி. என்பவர் மாணவர் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியைத் தோளில் சுமப்பவரும் அவர்தான். ஓ.பி., வார்டு, அட்மிஷன் டியூட்டி, தீசிஸ், லாக் புக் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அவர் படிக்கிறார். மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்துத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும், தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். பரிந்துரையில் சொல்லும் 74 மணி நேரத்தையே ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதனால் எந்த முறை வந்தாலும் நான் முதலில் கேட்பது, இதற்கான நேரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். டியூட்டியிலிருந்து வருகிறதா, தூக்கத்திலிருந்து வருகிறதா? இதற்கு விடை சொல்லாமல் 'நவீன முறை' என்று எதைக் கொண்டுவந்தாலும், அது அவர்கள் தலையில் ஏற்றும் இன்னொரு சுமைதான்.

செமினாரில் இருந்து தொடங்குகிறேன். அதை இப்போது எல்லோரும் குறை சொல்கிறார்கள், ஆனால் அதில் உருப்படியான விஷயம் இருக்கிறது. செமினார் எடுப்பவர் நன்றாகக் கற்றுக்கொள்கிறார். பத்து நாள் முன்பே புத்தகத்தைப் புரட்டுகிறார், உதவிப் பேராசிரியரான அசிஸ்டன்ட்டிடம் ஸ்லைடுகளைக் காட்டித் திருத்துகிறார், துறைத் தலைவரான எச்.ஓ.டி. என்ன கேட்பார் என்று யோசித்துத் தயாராகிறார். வாய்மொழித் தேர்வான வைவா மேசைக்கு முன்னால் நிற்கும் தைரியம் பாதி அங்கேதான் வருகிறது. கூடவே, துறை முழுவதும் ஒரே அறையில் உட்காரும் நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். முப்பது வருடம் வார்டு பார்த்த பேராசிரியர் ஒருவர் நடுவில் நிறுத்தி, "இப்படி ஒரு குழந்தையை நாங்க பார்த்தோம்" என்று சொல்லும் இரண்டு நிமிடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. சிக்கல், கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற பத்துப் பேருக்குத்தான். அவர்கள் எதையும் செய்வதில்லை. முடிவெடுப்பதில்லை, எழுதுவதில்லை, தப்பு செய்வதில்லை. களைத்த மனிதன் இருட்டான ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் தூங்குவது உடலின் இயல்பு. அதை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது அநியாயம்.

ஆன்லைன் பாடத்துக்கு வருவோம். நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் எல்லோரும் ஆராய்ச்சி முறைகள் குறித்த அடிப்படைப் பாடத்தை முடிக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. அதைச் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளம் வழியாக நடத்துகிறது. வீடியோ பாடங்கள், இடையிடையே பயிற்சிக் கேள்விகள், கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. இது ஆன்லைனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தோல் நோய் படிப்பவருக்கும் எலும்பு அறுவை படிப்பவருக்கும் சாம்பிள் சைஸ் கணக்கு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, ஒன்றுதான். ஒவ்வொரு கல்லூரியிலும் நல்ல புள்ளியியல் ஆசிரியரைத் தேடிப்பிடிப்பது நடக்காத காரியம். கையால் செய்து பழக வேண்டிய வேலை இதில் இல்லை, நள்ளிரவில் அவசரமாக முடிவெடுக்க வேண்டியதும் இல்லை. ஒருவர் மிக நன்றாகச் சொல்லித்தந்தால் நாடு முழுக்க அதையே கேட்கலாம்.

ஆன்லைனின் இன்னொரு பலம், ஊர் மாறினாலும் கூடவே வருவது. இப்போது ஒவ்வொரு பி.ஜி.யும் மூன்று மாதம் மாவட்டப் பயிற்சிக்கு, அதாவது டி.ஆர்.பி.க்குப் போகிறார். அந்த மூன்று மாதமும் அவருக்குத் துறை வகுப்பு கிடையாது. அங்கே போனில் வரும் பாடத்தை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் வார்டு வேலைக்கான பாடத்தை முழுக்க ஆன்லைனில் விட்டுவிடலாமா? மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டேவிட் குக் குழுவினர் 2008-இல் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே சொல்லித்தராமல் விடுவதோடு ஒப்பிட்டால் இணையவழிப் பாடத்தின் பலன் பெரிதாக இருந்தது. வழக்கமான வகுப்போடு ஒப்பிட்டால் சராசரி வித்தியாசம் மிகச் சிறிது. கருவி மாறியதால் மட்டும் கல்வி மாறிவிடாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மோசமான செமினாரைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினால், அது மோசமான வீடியோ. அவ்வளவுதான்.

நடைமுறையில் எனக்குப் பெரிதாகப் பட்ட சிக்கல் வேறு. பி.ஜி.க்கள் ஏற்கெனவே நிறைய வீடியோ பார்க்கிறார்கள். நீட் பி.ஜி.க்குப் படித்த காலத்திலிருந்தே செயலிகளில் இரண்டு மடங்கு வேகத்தில் பாடம் கேட்டுப் பழகியவர்கள். அந்தப் பாடங்கள் தரமானவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்குகின்றன. வார்டில் கேள்வி அப்படி வருவதில்லை. பாதி ரிசல்ட் வந்திருக்கும், பாதி வந்திருக்காது. மருந்தைச் சீராக ஏற்ற இருக்கும் இரண்டு இன்ஃப்யூஷன் பம்பும் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அம்மா, "ஊசி போட்டா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிநாட்டு வீடியோ என்றால் நம் மருந்துக் கிடங்கில் இல்லாத மருந்தில் இருந்து பேச்சு தொடங்கும். இந்த இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும், வீடியோ போதாது.

இனி மூன்றாவது வழி. ஃப்ளிப்டு வகுப்பு, அதாவது தலைகீழ் வகுப்பு என்று சொல்கிறார்கள். வகுப்பில் கேட்க வேண்டியதை முன்பே படித்துவிட்டு வருவது, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை வகுப்பில் ஆசிரியர் முன்னால் செய்வது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனத்தன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தப் பெயர் பரவியது. மருத்துவத்தில் குழந்தைகள் டாக்டர்களுக்கு இது புதிதே இல்லை. பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் என்.ஆர்.பி. பயிற்சியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இல் வந்த ஆறாம் பதிப்பிலேயே விரிவுரையை எடுத்துவிட்டது. நாமே படித்து, ஆன்லைன் தேர்வு எழுதிவிட்டுத்தான் பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கே நேரம் முழுக்கப் பொம்மை மேலும் குழு வேலையிலும் போகும்.

ஏன் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் தெரியும். ஆன்லைன் தேர்வில் முழு மதிப்பெண் எடுத்த ஒரு முதலாண்டு பி.ஜி., பொம்மையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, கையால் காற்றை உள்ளே செலுத்தும் ஆம்பு பையை அழுத்தினார். மார்பு எழும்பவில்லை. இன்னும் வேகமாக அழுத்தினார். எழும்பவில்லை. முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பார்த்தால் கழுத்து கூடுதலாகப் பின்னால் வளைந்திருந்தது, மாஸ்க்கின் கீழ் விளிம்பு தாடையை விட்டு நழுவியிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சீனியர், "தலையைக் கொஞ்சம் இறக்கு. இந்த மூணு விரலால தாடையைத் தூக்கு" என்றார். மார்பு எழும்பியது. அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது. கை கற்றுக்கொள்ள வேண்டியதைக் கண் கற்றுக்கொள்ள முடியாது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மருத்துவமனையில், பயிற்சி மருத்துவர்கள் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக் குழாயில் செருகும் குழாய், போடுவதைத் தேர்ச்சி பெறும்வரை பொம்மையில் பழகிய பிறகு, அவர்கள் வேலை பார்த்த ஐ.சி.யு.வில் லைன் வழியாக ரத்தத்தில் பரவும் தொற்று லைன் உடலில் இருந்த ஒவ்வொரு 1000 நாளுக்கும் 3.20-இலிருந்து 0.50-ஆகக் குறைந்ததாக 2009-இல் பார்சுக் குழுவினர் எழுதினார்கள். பயிற்சி முறை ஒன்று நேராக நோயாளியின் உடம்பு வரை போய்ச் சேர்ந்ததைக் காட்டும் ஆய்வுகள் குறைவு, அதனால்தான் இதை நான் அடிக்கடி சொல்வேன்.

முடிவெடுக்கும் பழக்கத்துக்கும் இதே கதைதான். டி.கே.ஏ. செமினாருக்கு அடுத்த வருடம் அதே தலைப்பை ஃப்ளிப்டு வகுப்பாக நடத்தினோம். முன்பே கொடுத்தது நான்கு பக்கக் குறிப்பும் 15 நிமிட வீடியோவும். வகுப்பில் ஆளுக்கொரு வெற்று ஆர்டர் ஷீட், அதாவது சிகிச்சையை எழுதும் தாள். கேஸ் இதுதான். 9 வயதுப் பெண் குழந்தை, எடை 24 கிலோ, சர்க்கரை 486, பி.எச். 7.08, பைகார்பனேட் 6, பொட்டாசியம் 2.8. "நைட் டியூட்டியில் நீங்கள் மட்டும். முதல் இரண்டு மணி நேர ஆர்டரை எழுதுங்கள்" என்று சொல்லிப் பத்து நிமிடம் விட்டோம்.

பெரும்பாலோர் ஃப்ளூயிட்டைச் சரியாக எழுதினார்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்சுலின், கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட், அதாவது 2.4 யூனிட் என்று கணக்கும் சரி. பொட்டாசியத்தைக் கவனித்தவர்கள் இரண்டே பேர். "இன்சுலின் போனால் இந்த 2.8 எங்கே போகும்?" என்று என்னோடு வகுப்பு எடுத்த பேராசிரியை கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது. அப்புறம் இரண்டாமாண்டு பி.ஜி. ஒருவர் மெதுவாகச் சொன்னார். "செல்லுக்குள்ள போயிடும் மேடம், இன்னும் குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்." பேராசிரியை தலையாட்டினார். உடனே இன்னொருவர், "சிறுநீர் போகிறவரைக்கும் பொட்டாசியம் கொடுக்கக் கூடாதுன்னு படிச்சிருக்கேனே" என்று மறித்தார். நல்ல மறிப்பு அது. பொட்டாசியம் கூடுதலாக இருக்கும்போதும் சிறுநீரகம் வேலை செய்யாதபோதும் அந்த எச்சரிக்கை சரி. ஏற்கெனவே இவ்வளவு குறைந்திருந்தால் முதல் ஃப்ளூயிட்டோடேயே பொட்டாசியத்தைத் தொடங்க வேண்டும், 3-க்கு மேல் ஏறும்வரை இன்சுலினைத் தள்ளிப்போட வேண்டும். இந்த ஒரு விஷயத்திலேயே 20 நிமிடம் போனது. ஈ.சி.ஜி.யில் என்ன தெரியும், நம் வார்டில் மானிட்டர் எந்தப் படுக்கையில் இருக்கிறது, ராத்திரி 2 மணிக்குப் பொட்டாசியம் ரிசல்ட் எத்தனை நேரத்தில் வரும் என்றெல்லாம் பேச்சு போனது. 64 ஸ்லைடில் வராதது ஒரு தாளில் வந்தது. யாரும் தூங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லா வகுப்பையும் மாற்றிவிட வேண்டாம். எங்கள் முதல் முயற்சி படுதோல்வி. தலைப்பு வலிப்பு நோய். 54 நிமிட வீடியோவை முந்தின நாள் இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். மறுநாள் வந்த 11 பேரில் பார்த்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களுக்காக நான் மறுபடியும் பாடத்தையே எடுத்தேன், பார்த்துவிட்டு வந்த மூன்று பேருக்கும் அதே பாடம் இரண்டாம் முறை. தப்பு அவர்களுடையது இல்லை. டியூட்டியிலோ தூக்கத்திலோ இருக்கும் ஒருவரிடம் இரவு 10 மணிக்கு 54 நிமிடம் கேட்டது நாங்கள்தான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு மூன்று விஷயத்தை மாற்றினோம். முன்பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, நான்கு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். அதைப் படிக்கும் நேரம் டியூட்டிக்குள்ளேயே வர வேண்டும். வியாழக்கிழமை மதியம் 1.30 முதல் 2 மணி வரை வார்டை அசிஸ்டன்ட்களும் ஹவுஸ் சர்ஜன்களும் பார்த்துக்கொள்ள, பி.ஜி.க்கள் செமினார் அறையில் உட்கார்ந்து அமைதியாகப் படிக்கிறார்கள். இதற்கு எச்.ஓ.டி.யைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மூன்றாவது, வகுப்பு ஐந்து கேள்வியோடு தொடங்கும். மதிப்பெண் யாரிடமும் போகாது, விடையை உடனே பேசிவிடுவோம்.

இந்த ஐந்து கேள்வியைத் தயவுசெய்து சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். மருத்துவம், நர்சிங் உள்ளிட்ட சுகாதாரத் துறைப் படிப்புகளில் ஃப்ளிப்டு வகுப்பையும் வழக்கமான வகுப்பையும் ஒப்பிட்ட 28 ஆய்வுகளை ஹியூ, லோ இருவரும் 2018-இல் தொகுத்தார்கள். ஃப்ளிப்டு வகுப்புக்கு ஓரளவு பலன் தெரிந்தது, வகுப்பின் தொடக்கத்தில் கேள்வி கேட்ட இடங்களில் கூடுதல் பலன். பயிற்சி மருத்துவர்களை வைத்தே செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. டக்ளஸ் லார்சன் குழுவினர் 2009-இல் வெளியிட்டது. குழந்தை மருத்துவம், அவசர மருத்துவம் படிப்பவர்களுக்கு இரண்டு தலைப்பைச் சொல்லிக்கொடுத்து, ஒன்றில் திரும்பத் திரும்பத் தேர்வு வைத்தார்கள், மற்றதைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். ஆறு மாதத்துக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது தேர்வு எழுதிய தலைப்பில் 39 சதவீதம், படித்த தலைப்பில் 26 சதவீதம். எனக்கு அந்த 39-ம் முக்கியமாகப் படுகிறது. நன்றாகச் செய்தும் ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு தலைப்பை மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை 'முடித்துவிட்டோம்' என்று லாக் புக்கில் எழுதுவது எந்த முறையிலும் செல்லாது.

ஆசிரியருக்கு ஆகும் செலவையும் சொல்ல வேண்டும். ஒரு ஃப்ளிப்டு வகுப்புக்கு கேஸ் எழுதவும், எண்களைச் சரிபார்க்கவும், குறிப்பைச் சுருக்கவும் முதல் தடவை எனக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. அடுத்த வருடம் அதுவே ஒரு மணி நேரத்தில் முடியும். வீடியோவை நாமே எடுக்கத் தேவையில்லை, நல்லதாக ஏற்கெனவே இருந்தால் அதைக் கொடுத்தால் போதும். கேஸை மட்டும் நம் வார்டிலிருந்தே எடுக்க வேண்டும். அதை வெளியிலிருந்து வாங்க முடியாது.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி இருக்கிறது. ஆராய்ச்சி முறை, புள்ளியியல், நெறிமுறை ஆகியவை முழுக்க ஆன்லைன். டி.ஆர்.பி.யில் இருப்பவர்களுக்கு முன்பாடமும் ஐந்து கேள்வியும் போனில் போகும், அவர்கள் அங்கே பார்த்த கேஸ் ஒன்றை எழுதி அனுப்புவார்கள். உயிர் போகும் அவசரங்கள், அதாவது டி.கே.ஏ., டெங்கு ஷாக், நிற்காத வலிப்பு, பாம்புக்கடி, பிறந்த குழந்தையின் மூச்சுத்திணறல் ஆகியவை கட்டாயம் ஃப்ளிப்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு எண்களோடு திரும்ப வரும். கைவேலை எல்லாம் பொம்மையோடு. அரிய நோய்கள், மரபணுக் கோளாறுகள், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து அலசும் ஜர்னல் கிளப் ஆகியவை பழைய செமினாராகவே இருக்கின்றன. எடுப்பவர் ஆழமாகப் படிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 30 ஸ்லைடுக்கு மேல் கிடையாது, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்திருக்கிறோம்.

உங்கள் துறையில் இரண்டே ஆசிரியர்கள், வார்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அரை மணி நேரம் கூட ஒதுக்க முடியாது என்றால் ஃப்ளிப்டு வகுப்பை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் என்பேன். நேரம் கொடுக்காமல் முன்பாடத்தை மட்டும் கொடுத்தால், படிக்காமல் வரும் பி.ஜி.க்குக் குற்ற உணர்ச்சியும் ஆசிரியருக்குக் கோபமும்தான் மிஞ்சும். அதற்குப் பதில் காலை ரவுண்ட்ஸில் ஒரே ஒரு படுக்கையின் முன்னால் நின்று, கேஸ் ஷீட்டை மூடிவிட்டு, "நேற்று ராத்திரி நீங்களாக இருந்தால் முதல் ஆர்டர் என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். பத்து நிமிடம் போதும், வீடியோவும் வேண்டாம், அறையும் வேண்டாம்.

எது செய்தாலும் முந்தின இரவு அட்மிஷன் டியூட்டி பார்த்தவரை வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். இப்போது எங்கள் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக 'போஸ்ட் டியூட்டி' என்று எழுதி, வந்தவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் அறைக்குப் போய்த் தூங்குகிறார்கள். அதே ஆர்டர் ஷீட்டைச் சனிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டியூட்டி ரூமில் என்னோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள்.